படங்களை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்ன தேரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்துக்குரிய பௌத்த தேரர்களுக்கும், நல்லிணக்கத் தியான முகாமின் ஏற்பாட்டுக் குழுவினருக்கும்,

அடுத்த முகாமுக்கான உங்கள் அழைப்புக் கடிதம் சென்ற வாரம், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளாகிய எங்கள் போராட்டக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை முகாமுக்குக் கொண்டுவரக் கூடாது. கடந்தகாலச் சம்பவங்கள் பற்றிய பேச்சு இடம்பெறாது. சென்ற முறை நிகழ்ச்சி நிரலில் இருந்த 'பகிர்தல்' நேரம் நீக்கப்பட்டு, அந்த நேரமும் மௌனத் தியானத்துக்கே ஒதுக்கப்படும். பங்கேற்பாளர்களின் மன அமைதி கருதியே இந்த முடிவு எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பங்கேற்பாளர்களாகிய எங்களில் ஒருவரிடமும் இதுபற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதால், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதை இப்போது எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். போர் முடிந்த 2009 மே 18 அன்று, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தபின், என் தம்பி ஒரு பேருந்தில் ஏற்றப்பட்டதை நானும் அம்மாவும் கண்ணால் கண்டோம். கையில் மிச்சமிருந்த ஒரேயொரு பிஸ்கற் பக்கற்றை அம்மா யன்னல் வழியே அவனிடம் கொடுத்தார். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்த அலுவலகத்திலும் எவரும் எங்களுக்கு ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா 2021-ல் இறந்தார். அவர் இறந்த பிறகு கொட்டகையில் அவருடைய பாயில் நான் உட்காருகிறேன். எழுத்து வேலைகளை என்னிடம் விட்டிருக்கிறார்கள். இந்த மடலை எழுதியது நான் என்றாலும், அனுப்புவதற்கு முன் கொட்டகையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார்கள், திருத்தினேன்.

முதலில், உங்கள் முகாமில் எனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். முதல் நாள் காலை, மணியோசை கேட்டதும் மரங்களுக்குக் கீழே ஓரடி ஓரடியாக நடக்கச் சொன்னீர்கள். உள்ளே போகும் மூச்சை உள்ளே போகும் மூச்சென்றும், வெளியே வரும் மூச்சை வெளியே வரும் மூச்சென்றும் அறியச் சொன்னீர்கள். அன்றிரவு நான் இடையில் விழிக்காமல் விடியும் வரை தூங்கினேன். பல ஆண்டுகளாக எனக்கு வாய்க்காத தூக்கம் அது. ஆனபடியால் தியானம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதைக் கற்றுத்தந்த இளம் தேரருக்கு என் நன்றி உண்டு.

எனக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு குடும்பத்து அம்மாவுக்கு அந்தக் காலை வேறுவிதமாகக் கழிந்தது. கண்களை மூடச் சொன்ன சில நிமிடங்களில் அவருடைய விரல்கள் நடுங்கத் தொடங்கின. பிறகு தோள்கள் நடுங்கின. கண்ணை மூடினால் அவருக்குத் தெரிவது பங்கர் மட்டுந்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார். மண் சரிந்த அந்தப் பதுங்குகுழிக்குள் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். உதவியாளர் ஒருவர் வந்து குனிந்து, "மூச்சைக் கவனியுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை அவர் செய்தார். என்ன நடந்தது என்று அந்த அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால், அவர் பத்து நிமிடம் பேசியிருப்பார். முகாம் முடியும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் பகிர்தலுக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கப்பட்டிருந்தது. பிரதம விருந்தினர் வரத் தாமதமானதால் அது இருபத்தைந்து நிமிடமாகச் சுருங்கிற்று. நாற்பத்தாறு குடும்பங்கள் இருந்த மண்டபத்தில் நான்கு பேர் பேசினார்கள். மூன்றாமவர் தன் மகனுடைய பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லி, அவன் பிடித்துச் செல்லப்பட்ட அன்று அணிந்திருந்த உடுப்பைச் சொல்லத் தொடங்கியபோது நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அவர் நான்கு நிமிடம் தமிழில் பேசியதை மொழிபெயர்ப்பாளர் ஒரே வசனத்தில் சிங்களத்தில் சொல்லி முடித்தார். எனக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். "இவர் தன் மகனைத் தேடுகிறார்" என்பது மட்டுமே அந்த வசனம். சுவரோரமாக நின்ற, யாரென்று எங்களுக்கு அறிமுகப்படுத்தப்படாத ஒருவர், பேசிய நான்கு பேரையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதன்பின் அறவுரை தொடங்கிற்று. கிசா கோதமியின் கதை.

அந்தக் கதையை எங்களுக்கு எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று கணக்கு வைத்திருந்தால் நல்லது. பிள்ளையை இழந்த தாய் இறந்த உடலைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு அலைகிறாள்; சாவு நிகழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர்; அப்படியொரு வீடு இல்லையென்று அவள் தெளிகிறாள். நல்ல கதை. ஆனால் தேரர்களே, கிசா கோதமியின் இடுப்பில் பிள்ளையின் உடல் இருந்தது. இறந்துவிட்டான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவள் மட்டுமே ஏற்க மறுத்தாள். எங்கள் கைகளில் உடல் இல்லை. இறந்ததற்குச் சான்று இல்லை, உயிரோடிருப்பதற்கும் சான்று இல்லை. எங்களுக்குத் தெரியாத அந்த விடயம் வேறு எவருக்கோ தெரியும். சாவு இயற்கை என்று எங்களுக்கு விளக்குவதற்கு முன், அந்த எவரோ ஒருவரை வாய்திறக்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்க வேண்டும்: புத்தர் அவளை ஒரு மண்டபத்தில் உட்கார்த்திக் கண்ணை மூடச் சொல்லவில்லை. வீடு வீடாக அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் அவள் தன் துயரைச் சொல்லியிருப்பாள். அவர்கள் தங்கள் துயரை அவளுக்குச் சொன்னார்கள். அவள் தெளிந்தது அந்தப் பேச்சிலும் கேட்பிலும்.

எங்களுக்குப் பொருந்தும் கதை உங்கள் மரபிலேயே வேறொன்று இருக்கிறது. பாம்பு தீண்டிக் கணவன் இறந்து, ஒரு பிள்ளையைப் பருந்தும் மற்றப் பிள்ளையை ஆற்றுவெள்ளமும் கொண்டுபோக, பிறந்த வீடு இடிந்து தாய் தந்தை சகோதரனும் மாண்டுபோன செய்தி கேட்டுச் சித்தம் கலங்கி, உடுத்தியது நழுவியதும் அறியாமல் சாவத்தித் தெருக்களில் அலைந்த படாசாராவை நீங்கள் அறிவீர்கள். புத்தர் தங்கியிருந்த சேதவனத்துக்குள் அவள் நுழைந்தபோது கூட்டத்தினர் பைத்தியக்காரி என்று தடுத்தார்கள். தடுக்காதீர்கள், வரட்டும் என்றார் புத்தர். அவளைப் பார்த்து, "சகோதரி, உன் சதியை (விழிப்புணர்வை) மீண்டும் பெறு" என்றார். ஒருவர் தன் மேலாடையைக் கொடுத்தார். அவள் நடந்த எல்லாவற்றையும் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அறவுரை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பெண்ணே பின்னர் சங்கத்தின் ஒழுக்க விதிகளாகிய விநயத்தில் தலைசிறந்த பிக்குணியாகப் போற்றப்பட்டாள். அவளிடம் யாரும், முதலில் உன் துயரத்தை வாசலில் வைத்துவிட்டு வா என்று நிபந்தனை விதிக்கவில்லை.

'சதி' என்ற அந்தப் பாளிச் சொல்லைத் தமிழில் எழுதினால் எங்களுக்கு வேறு பொருள் வந்து தொலைக்கிறது. உங்கள் பதாகையில் அதைப் பெரிய எழுத்தில் பார்த்தபோது எங்களில் சிலர் சிரித்தோம், அந்த இரண்டு நாட்களில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான். ஆனால் வடமொழியில் ஸ்மிருதி என வழங்குவதும் அதே சொல்தான். நினைவு என்பதே அதன் அடிப்பொருள். சிங்களத்தில் 'சிஹிய' என்கிறீர்கள். ஒருவரை நினைவுகூர்வதைச் சொல்லவும் 'சிஹி கரனவா' என்று அதே சொல்லையே பயன்படுத்துகிறீர்கள். எண்வகை நன்னெறியில் வரும் இதனைத் தமிழ்ப் பௌத்தம் நற்கடைப்பிடி என்றது. கடைப்பிடி என்றால் கொண்ட பொருளை மறவாமை என்று எங்கள் பழைய உரைகாரர்கள் பொருள் எழுதினார்கள்; வகுப்பில் பல ஆண்டுகள் நான் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மூன்று மொழியிலும் நினைவு என்று பொருள்படும் ஒரு பயிற்சிக்கு எங்களை அழைத்துவிட்டு, நினைவுகளைக் கொண்டுவராதீர்கள் என்று கடிதம் எழுதுவது எப்படி உங்களுக்கு முரணாகத் தோன்றாமல் போயிற்று?

மேடைக்குப் பின்னால் நீங்கள் கட்டியிருந்த பதாகையில் வியட்நாமிய பிக்கு திக் நாட் ஹானின் படமும் இருந்தது. அவர் தன் நாட்டுப் போரின் நடுவே, குண்டு விழுந்த கிராமங்களைத் திரும்பக் கட்டுவதற்கு இளைஞர்களை அணிதிரட்டியவர். 1966-ல் அமெரிக்கா சென்று போரை நிறுத்தும்படி பேசியதற்காக நாடு திரும்ப முடியாமல், முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து 2005-லேயே தாயகத்தில் கால்வைக்க அனுமதிக்கப்பட்டவர். மூச்சை மட்டும் கற்பித்துக்கொண்டிருந்தால் அவரை யார் வெளியே நிறுத்தியிருப்பார்கள்? பிரான்சில் அவர் அமைத்த பிளம் வில்லேஜுக்கு இசுரேலியரையும் பலஸ்தீனியரையும் வரவழைத்தபோது, முதற்சில நாட்கள் மூச்சும் நடையும் மௌனமுந்தான். அது உங்களுக்குத் தெரியும், அதைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு தரப்பினர் தம் பயத்தையும் இழப்பையும் சொல்ல, மறுதரப்பினர் இடைமறிக்காமல், திருத்தாமல், எதிர்வாதம் சொல்லாமல் கேட்டார்கள். பிறகு மற்றவர்களின் முறை வந்தது. சொல்பவர் தவறாகச் சொன்னாலும் அப்போது திருத்தக்கூடாது, அவருடைய நெஞ்சுப் பாரம் குறைவதே கேட்பதன் நோக்கம் என்பதை அவர் திரும்பத் திரும்பக் கற்பித்தார். மூச்சுப் பயிற்சி அந்தக் கேட்பைத் தாங்குவதற்கான ஆயத்தம். நீங்கள் ஆயத்தத்தை வைத்துக்கொண்டு, எதற்காக ஆயத்தமானோமோ அதை நிகழ்ச்சி நிரலிலிருந்து வெட்டிவிட்டீர்கள்.

2007-ல் அவர் மீண்டும் வியட்நாம் சென்று, சைகோன், ஹூவே, ஹனோய் ஆகிய மூன்று நகரங்களிலும் போரில் இறந்தவர்களுக்காகப் பெரும் நீத்தார் வழிபாடுகளை நடத்தினார். எந்தத் தரப்பில் நின்று இறந்தார்கள் என்று பிரிக்காமல் எல்லோருக்குமாக அது நடந்தது. முள்ளிவாய்க்காலில் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் உப்பிடாத கஞ்சி காய்ச்சிக் குடிக்கும்போது, உங்களில் ஒருவராவது வந்து ஒரு சிரட்டை வாங்கிக் குடித்திருந்தால் அந்தப் பதாகையில் அவர் படத்தை வைப்பதற்கு ஒரு பொருத்தம் இருந்திருக்கும்.

நீங்கள் அவரைப் பின்பற்றுவதில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அவருடைய பிளம் வில்லேஜ் முகாம்களில் இரு தரப்பும் உட்கார்ந்தன. உங்கள் முகாமில் தியானம் செய்தவர்கள் நாங்கள் மட்டுமே. அதிகாரிகள் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார்கள். கண்ணை மூடும் நேரத்தில் அவர்களில் பாதிப்பேர் தேநீருக்குப் போய்விட்டார்கள். விழிப்போடிருக்கக் கற்க வேண்டியவர்கள் யார் என்பதை நீங்கள் தலைகீழாக எடுத்துக்கொண்டீர்கள் என்பதே இந்த மடலின் சாரம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் அம்மாமார் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அதே காலத்தில் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் திருகோணமலையிலும் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் கொரோனாக் காலத்திலும் ஒரே இடத்தில் ஒரே கேள்வியில் மனத்தை நிறுத்தியவர்களுக்கு ஒருமுகப்படுத்துவதைப் பற்றி நீங்கள் கற்றுத்தருவதற்கு அதிகமில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் இந்தக் காத்திருப்பிலேயே இறந்துவிட்டார்கள். நாங்கள் கவனமாகவே இருக்கிறோம். எங்களைக் கவனிக்க வேண்டியவர்களிடம்தான் கவனம் இல்லை.

பகைமை பகைமையால் தணிவதில்லை என்ற தம்மபத வரியையும் வாசித்தீர்கள். அது 1951-ல், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், இலங்கையின் பிரதிநிதியாகப் போன ஜே. ஆர். ஜயவர்த்தன யப்பானுக்காக எடுத்துச் சொன்ன வரி. அதற்காக யப்பானியர் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். 1983 யூலையில் அவரே ஜனாதிபதி. எங்கள் வீடுகள் எரிந்து சில நாட்கள் கழித்து அவர் நாட்டுக்கு ஆற்றிய உரையில் எங்களுக்காக அந்த வரி வரவில்லை. அதனால்தான் அதைக் கேட்கும்போது எங்கள் முகம் சுருங்குகிறது. வரியில் பிழையில்லை. எங்களிடம் பகைமை இருப்பதாக நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழை. "என் பிள்ளை எங்கே?" என்ற கேள்வியில் பழிவாங்கும் சொல் எது என்று எனக்குக் காட்டுங்கள்.

முகாம் முடிந்து புறப்படும்போது குழுவில் ஒருவர், பழையதைக் கிளறாமல் புல்லைப்போட்டு மூடிவிடுவதும் புத்தர் காட்டிய வழிதான் என்று என்னிடம் சொன்னார். அவர் குறிப்பிட்டது எதுவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை, தேடிப் படித்தேன். சங்கத்துக்குள் எழும் பிணக்குகளைத் தீர்க்க விநயம் ஏழு முறைகளைச் சொல்கிறது. அவற்றில் கடைசி, புல்லால் மூடுவதுபோல் மூடிவிடுவது. இரு தரப்பிலும் பிழைகள் மலிந்து, கிளறினால் பிளவே மிஞ்சும் என்ற நிலையில் பிக்குகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் அந்த விதியிலேயே இரண்டு விலக்குகள் இருக்கின்றன. கொடிய குற்றங்களை அப்படி மூட முடியாது. இல்லறத்தார் சம்பந்தப்பட்ட குற்றங்களையும் மூட முடியாது. நாங்கள் இல்லறத்தார். ஆளைக் காணாமல் ஆக்குவது கொடிய குற்றம். உங்கள் விநயமே கையை விரிக்கும் இடத்தில் எந்தப் புல்லைக் கொண்டு மூடப் பார்க்கிறீர்கள்? அதே ஏழில் முதலாவது முறை, சம்பந்தப்பட்டவர்கள் முன்னிலையில் இருக்கத்தான் பிணக்கைத் தீர்க்க வேண்டும் என்கிறது. அந்த முறையிலிருந்து தொடங்கியிருக்கலாமே. 2025-ல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டிய மண்ணிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. சிறுபிள்ளைகளுடையவையும் அவற்றில் இருந்தன. ஒரு புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. மண் போட்டு மூடியதே இப்படி வெளியே வந்திருக்கிறது.

நான் பிறமதத்தவளாக நின்று உங்களுக்கு உபதேசிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மணிமேகலை எங்கள் காப்பியம். பசித்தவர்க்குச் சோறிட்ட அந்தப் பௌத்தத் துறவிப்பெண், அரசன் வரம் கேட்கச் சொன்னபோது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரச் சொன்னாள். ஒரு காதைக்குப் பெயரே அதுதான். நயினாதீவுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு நீங்கள் சொல்லும் கதையை, மணிபல்லவம் என்ற பெயரில் அதே காப்பியமும் சொல்கிறது: ஒரு மணியாசனத்துக்காக நாக அரசர் இருவர் போரிட, புத்தர் அங்கே போய் அந்தப் போரை நிறுத்தினார். மகாவம்சத்தில் அவர்கள் மாமனும் மருமகனும். அந்தச் சண்டையைத் தீர்க்க அவர் சண்டை நடந்த இடத்துக்கே போனார் என்பதில் இரண்டு நூல்களும் ஒத்துப்போகின்றன. வீரசோழியம் என்ற இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரன், அகத்தியர் தமிழை அவலோகிதனிடம் கேட்டறிந்தார் என்கிறார். கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் நாத தேவாலயத்தில் நீங்கள் வணங்கும் நாதர் அதே அவலோகிதேசுவரர். சீனத்தில் அவருக்கு வழங்கும் பெயருக்கு உலகின் ஓலத்தைக் கேட்பவர் என்று பொருள். ஓலத்தைக் கேட்பவரிடமிருந்து வந்த மொழி என்று ஒரு பௌத்தர் சொன்ன எங்கள் மொழியில், நாங்கள் ஓலமிடுவதற்கு இருபத்தைந்து நிமிடம் போதும் என்று முடிவு செய்தீர்கள். இப்போது அதையும் எடுத்துவிட்டீர்கள்.

கேட்கத் தெரிந்த ஒரு பிக்குவை எனக்குத் தெரியும். பெயரை எழுதினால் அவருக்குத் தொல்லை வரலாம். என் அம்மா உயிரோடிருந்த காலத்தில், அவர் தெற்கிலிருந்து ஒருநாள், முன்னறிவிப்பில்லாமல், ஓர் இளைஞரை மொழிபெயர்ப்புக்கு அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பிக்கு வந்தால் உயரமான ஆசனம் போட்டு வெள்ளைத் துணி விரிக்க வேண்டுமென்று எங்களுக்குத் தெரியும், ஓடித்திரிந்து ஒரு நாற்காலி எடுத்து வந்தோம். அவர் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாமார் இருந்த பாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்தையும் சுட்டி, இவர் பெயரென்ன, என்ன படித்தார், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டார். என் தம்பிக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று எந்த ஆணைக்குழுவும் கேட்டதில்லை. ஒடியல் கூழ் என்று அம்மா சொன்னார். அதை மொழிபெயர்க்க அந்த இளைஞர் பட்ட பாட்டைப் பார்த்து அம்மா தானே கையால் காட்டி விளக்கினார். இரண்டரை மணித்தியாலம் அவர் இருந்தார். ஒருவர் அவருடைய காவியுடையைக் காட்டிக் கடுமையாகவே பேசினார். அவர் இடைமறிக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை. முடிவில் அறவுரை சொல்வாரென்று காத்திருந்தோம். "எனக்குக் கேட்டது" என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார். பிறகு, புறப்படும் நேரத்தில், தன் அண்ணனும் 1989-ல் ஒரு வாகனத்தில் ஏற்றப்பட்டவர் என்றும், தன் தாய் சாகும்வரை வாசற்கதவைப் பூட்ட விடவில்லை என்றும் சொன்னார். அம்மா எழுந்து போய் அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தார். அன்று மாலை அம்மா என்னிடம், இனிச் செத்தாலும் ஒருவருக்குச் சொல்லிவிட்டேன் என்றார். கண்ணை மூடச் சொல்லாமல், ஒரு சூத்திரமும் ஓதாமல் அந்த மனிதர் செய்ததை நான் தியானம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சொன்ன அந்த ஆண்டுகளில், ஜே.வி.பி. கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலத்தில், தெற்கில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சீதுவ, ரத்தொளுவச் சந்தியில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒக்டோபர் 27 அன்று அங்கே குடும்பங்கள் படங்களோடு கூடுகின்றன. அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் சிங்களப் பௌத்தர்கள். அக்காலத்தில் கொல்லப்பட்டவர்களில் இளம் பிக்குகளும் இருந்தார்கள். படங்களை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று அந்தத் தாய்மாருக்கு நீங்கள் கடிதம் எழுதுவீர்களா? எழுதமாட்டீர்கள் என்றால், எங்களுக்கு ஏன் எழுதினீர்கள்? எழுதுவீர்கள் என்றால் அவர்களும் எங்களோடு சேர்ந்து இந்த மடலில் கையொப்பமிட வேண்டியவர்களே.

2016-ல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி நாடு முழுவதும் நடந்த மக்கள் கலந்தாய்வில் 7,306 முன்வைப்புகள் பதிவாயின. அறிக்கை 2017 சனவரியில் கையளிக்கப்பட்டது. கேட்டு எழுதியதில் குறையில்லை, எழுதியதை நாடு காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் அரசியல்வாதியின் பேச்சுக்கு இல்லாத செவி விகாரையின் ஒலிபெருக்கிக்கு உண்டு என்பதாலேயே உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் அந்த மூன்று நிபந்தனைகளையும் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெறும் வரை எங்கள் கொட்டகையிலிருந்து ஒருவரும் அடுத்த முகாமுக்கு வரமாட்டோம். படங்கள் எங்களோடு வரும். அவற்றை மடியில் வைத்துக்கொண்டே மூச்சைக் கவனிக்க எங்களால் முடியும்.

இரண்டு நாள் முகாமில் ஒரு நாள் முழுவதையும் கேட்பதற்கு ஒதுக்குங்கள். நாற்பத்தாறு குடும்பங்களுக்கு ஒரு நாள் போதாதென்றால், குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைத்து முகாம்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பேசுபவர் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை மணி அடிக்கக் கூடாது. பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. கண்ணைத் திறந்துவைத்துத் தியானம் செய்ய விரும்புபவருக்கும், எழுந்து வெளியே போய் நடக்க விரும்புபவருக்கும் அனுமதி வேண்டும். பங்கர் நினைவு வந்து நடுங்குபவரோடு உட்காரப் பயிற்சி பெற்ற தமிழ் பேசும் உளவளத்துணையாளர் இருவராவது மண்டபத்தில் இருக்க வேண்டும். அன்று முழுவதும் தேரர்களும் அதிகாரிகளும் நாற்காலிகளை விட்டு எங்களோடு ஒரே மட்டத்தில் அமர்ந்து, பதிலோ விளக்கமோ அறவுரையோ சொல்லாமல் கேட்க வேண்டும். தேநீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தரலாம்.

மொழிபெயர்ப்பாளரை எங்களோடு கலந்து தெரிவு செய்யுங்கள். சொன்னது முழுவதும் போய்ச் சேர வேண்டும், சுருக்கம் வேண்டாம். புலனாய்வுத் துறையினர் எவரும், அவர்கள் உடுப்பு எதுவாக இருந்தாலும், மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படக் கூடாது. எங்கள் தொலைபேசி இலக்கங்களைக் கேட்கும் வரவுப் பட்டியலும் வேண்டாம். நான்கு பேரைப் படம் பிடித்தவர் யார், அந்தப் படங்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு உங்கள் பதிலில் தனியாக ஒரு பந்தி ஒதுக்குங்கள்.

தெற்கிலிருந்து, 1987 முதல் 1990 வரையான காலத்தில் பிள்ளைகளை இழந்த சில குடும்பங்களையாவது அழையுங்கள். அவர்கள் பேசும்போது நாங்கள் இடைமறிக்காமல் கேட்போம், உறுதி தருகிறேன்.

கேட்டு முடித்த பிறகு வரும் முதல் போயா (பௌர்ணமி) தினத்தில், உங்கள் விகாரையில், உங்கள் ஊர் மக்களுக்கு, சிங்களத்தில், நீங்கள் கேட்டவற்றில் ஒரு தாயின் கதையையாவது அவர் சொன்னபடியே சொல்லுங்கள். அதற்கு அந்தத் தாயின் சம்மதத்தை நான் வாங்கித் தருகிறேன். நான் கேட்பவற்றில் உங்களுக்கு மிகக் கடினமானது இது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த மடலுக்கு அடுத்த பௌர்ணமிக்கு முன் தமிழில் எழுத்துமூலம் பதில் தாருங்கள். தபாலில் அனுப்புவதைவிட நேரில் கொண்டுவருவது நல்லது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை கொட்டகையில் குறைந்தது மூன்று பேராவது இருப்போம். தம்பியின் படம் இடப்பக்கம் இரண்டாவது வரிசையில், நீலச் சட்டையில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே போட்டிருக்கும் பாயில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
கொட்டகையில் உள்ள உறவுகள் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி